டேக் போட்டால் போதுமா? கம்யூனிட்டி காலேஜிலிருந்து புவியியலுக்கு மாறுவது எப்படி

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறோம். மகள் டி ஆன்ஸா என்ற கம்யூனிட்டி காலேஜில் முதல் குவார்ட்டர் (சுமார் மூன்று மாதப் பருவம்) முடித்திருக்கிறாள். இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு யூசியில் (பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம்) புவியியல் பட்டம் வாங்க ஆசைப்படுகிறாள். "டேக் என்ற ஒப்பந்தம் போட்டால் சீட் உறுதி" என்று தெரிந்தவர்கள் சொன்னதால் யூசி டேவிஸை மனதில் வைத்திருக்கிறோம். வேலைக்கு உதவும் என்று ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவலைக் கையாளும் முறை) வகுப்புகளையே நிறைய எடுக்கப் பார்க்கிறாள். சரியான வழியில்தான் போகிறோமா?

பதில்: டேவிஸ் நல்ல இடம்தான். ஆனால் அங்கே இளநிலையில் புவியியல் மேஜர் (முதன்மைப் பாடம்) கிடையாது. முதுநிலை, முனைவர் படிப்புகளில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் அந்தப் பக்கம் முதலில் வந்து நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டும் அல்ல.

யூசியில் புவியியலை மேஜராக எடுத்து இளநிலை படிக்க மூன்று வளாகங்கள்தான்: பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சாந்தா பார்பரா. டேக் என்கிற உறுதி ஒப்பந்தம் தருபவை ஆறு: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ். இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர் சாந்தா பார்பரா ஒன்றுதான். ஆகவே டேக் போடுவதென்றால் எங்கே போடுவது என்ற கேள்வியே இல்லை. போகும் ஊர் தெரிந்துவிட்டதால் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதையும் இனி அதை வைத்தே முடிவு செய்யலாம்.

ஜிஐஎஸ் பிடிக்கும் பெண்ணுக்கு இது நல்லதாகவே அமைந்திருக்கிறது. 1988-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை புவியியல் தகவல் ஆய்வுக்கான தேசிய மையத்தை ஏற்படுத்தியபோது, அதில் பங்கேற்ற மூன்று பல்கலைக்கழகங்களில் ஒன்று சாந்தா பார்பரா. பெர்க்லியின் வாசனை வேறு. புவியியலாளர் கார்ல் சாவர் காலத்திலிருந்து அங்கே நிலமும் மனிதப் பண்பாடும் வரலாறும்தான் பேச்சு. லாஸ் ஏஞ்சலஸை இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். மகளிடம் இதைக் கேளுங்கள்: கணினித் திரையில் வரைபட அடுக்குகளோடு உட்காரப் பிடிக்குமா, அல்லது ஒரு ஊர் ஏன் இப்படி ஆனது என்று படித்து எழுதப் பிடிக்குமா? டேக் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். மற்ற இரண்டுக்கும் வழக்கமான விண்ணப்பம் போடத் தடையில்லை.

இப்போது ஜிஐஎஸ் வகுப்புகள். இங்கேதான் எனக்குக் கவலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் மதிப்பெண் பட்டியலோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான். ஜிஐஎஸ்ஸில் மூன்று வகுப்புகள், மூன்றிலும் 'ஏ'. முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவன் படித்த கல்லூரியில் அந்த மூன்றும் வேலைச் சான்றிதழுக்கான வகுப்புகள். மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான சிஎஸ்யு (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) ஏற்றுக்கொள்ளும், யூசி ஏற்காது. யூனிட், அதாவது பட்டத்துக்கான பாட அளவு, போனது ஒரு பக்கம். யூசி தன்னிடம் மாற்றிக்கொள்ளக்கூடிய பாடங்களை மட்டும் வைத்து ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போடுவதால், அந்த மூன்று 'ஏ'யும் கணக்கிலேயே வரவில்லை. வேதியியலில் வாங்கிய 'சி' மட்டும் பத்திரமாக வந்தது.

வகுப்பில் சேரும் முன் கல்லூரி கேட்டலாக்கில் அந்தப் பாடத்துக்கு எதிரே யூசி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் பாதிக் கிணறுதான். யூனிட்டாக ஏற்பது வேறு, மேஜருக்கான பாடமாக ஏற்பது வேறு. பின்னதைத் தெரிந்துகொள்ள அசிஸ்ட் என்ற மாநிலத் தளம் இருக்கிறது. உங்கள் கல்லூரி, போக வேண்டிய பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஒரு ஒப்பந்தப் பக்கம் திறக்கும். இடது பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலது பக்கம் அதற்குச் சமமாக உங்கள் கல்லூரிப் பாடம். வலது பக்கத்தில் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று இருந்தால் அதற்குச் சமமாக ஏற்கப்பட்ட பாடம் உங்கள் கல்லூரியில் இல்லை. அதே கல்லூரி மாவட்டத்தைச் சேர்ந்த ஃபுட்ஹில் கல்லூரியில் இருக்கலாம், அங்கேயும் தேடுங்கள்.

இயற்புவியியல், அதன் ஆய்வகம், மானுடப் புவியியல் ஆகியவை அடித்தளம். அவற்றோடு புள்ளியியலை முதல் வருடத்திலேயே போட்டுவிடுங்கள். புவியியல் என்றால் கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று வருகிறவர்கள் உண்டு. சாந்தா பார்பராவில் பி.ஏ. தவிர இயற்புவியியலில் பி.எஸ். பட்டமும் இருக்கிறது, அதற்குக் கால்குலஸும் வேண்டும். கால்குலஸ் தொடங்கினால் முழுத் தொடரையும் குவார்ட்டர் கல்லூரியிலேயே முடிப்பது நல்லது. பாதியை செமஸ்டர் கல்லூரியில் எடுத்தால் நடுவில் சில அத்தியாயங்கள் விடுபடும், சில இரண்டு முறை வரும்.

இன்னொன்று. புவியியல் துறைகள் பெரும்பாலும் சின்னவை. ஆய்வக வகுப்பு எல்லா குவார்ட்டரிலும் நடக்காது, ஆள் சேராவிட்டால் ரத்தாகும். திறக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

பொதுப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து யூசி, சிஎஸ்யு இரண்டுக்கும் ஒரே திட்டம், பெயர் கால்-கெட்சி. அதில் புவியியல் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சமூக அறிவியல் பிரிவில் இரண்டு பாடம் வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து இருக்க வேண்டும். மானுடப் புவியியலும் உலகப் பிராந்தியப் புவியியலும் எடுத்துவிட்டு அந்தப் பிரிவு முடிந்தது என்று நினைக்கக் கூடாது, இரண்டும் ஒரே துறை. பொருளாதாரமோ மானுடவியலோ ஒன்று சேர்க்க வேண்டும். நல்ல செய்தி, இயற்புவியியலும் அதன் ஆய்வகமும் அறிவியல் பிரிவுக்கும் உதவும், மேஜருக்கும் உதவும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தேதிகளில் டி ஆன்ஸா பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. கல்லூரி திறப்பதோ செப்டம்பர் கடைசியில். ஆலோசகரைப் பார்க்க வரிசையில் நிற்கும் நேரத்தில் கெடு முடிந்துவிடும். கோடைக்கு முன்பே எல்லாவற்றையும் நிரப்பி, ஆலோசகரிடம் ஒருமுறை காட்டி வாங்கிவிட வேண்டும். அப்புறம், டேக் கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் யூசி விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும்; அனுப்பாவிட்டால் டேக் செல்லாது. சேரும் ஆண்டின் வசந்த குவார்ட்டர் முடிவதற்குள் 90 குவார்ட்டர் யூனிட் கையில் இருக்க வேண்டும்.

சிஎஸ்யுவையும் ஒதுக்க வேண்டாம். 2010-இல் வந்த சட்டப்படி புவியியலில் மாற்றத்துக்கான அசோசியேட் பட்டம் (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம்) உண்டு. அது சிஎஸ்யு அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்யும். எந்த வளாகம் என்பதை உறுதி செய்யாது. சான் டியாகோ, லாங் பீச், நார்த்ரிட்ஜ், ஹம்போல்ட் எல்லாம் புவியியல் சொல்லித்தரும் இடங்கள். இந்தப் பட்டத்துக்கான பாடங்கள் பெரும்பாலும் யூசி பாடங்களோடு ஒத்துப்போகும் என்பதால் கூடுதல் சுமை குறைவு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மகள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருந்தால், 21 வயதில் அது முடிகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும்போது கலிபோர்னியா மாணவர் கட்டணம் கைவிட்டுப் போகலாம். இப்போது குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர் கட்டுகிறீர்கள் என்றால் வெளிமாநிலக் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. அவளுடைய 21-ஆவது பிறந்தநாள் படிப்பின் எந்த வருடத்தில் வருகிறது என்று பார்த்து, குடியேற்ற வழக்கறிஞரிடமும் கல்லூரி அட்மிஷன் அலுவலகத்திலும் இப்போதே கேளுங்கள்.

இந்த வார இறுதியில் மூன்று யூசி வளாகங்களின் அசிஸ்ட் பக்கங்களையும் அச்செடுத்து மகளை மேசையில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் வரும் பாடங்களுக்கு ஒரு நிறம், சாந்தா பார்பராவில் மட்டும் வருவதற்கு இன்னொரு நிறம். முதல் நிறத்தில் இருப்பவைதான் அடுத்த குவார்ட்டர். ஆலோசகரிடம் அந்தத் தாள்களோடு அவளே போகட்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு படிப்பு விவரங்கள் மாணவருக்கு உரியவை. அவள் எழுதிக் கொடுக்காமல் உங்களிடம் பேச மாட்டார்கள்.