பழைய மாருதி 800ல கிளட்ச் பெடல் மிதிச்சா மேல வராம ஒட்டிக்குது, கிளட்ச் செட்டையே மாத்தணுமா?

உங்க கேள்விப்படி வண்டி 2004 மாடல், காலைல முதல் தடவை மிதிக்கும்போது பெடல் பாதிலயே நின்னுடுது, ஷூ நுனியை அடில விட்டுத் தூக்குனா வருது, மெக்கானிக் பாத்த உடனே 'செட் போச்சு சார்'னு சொல்லிட்டார். செட் (கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் சேந்தது) மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும், லேபரும் சேத்து ஒரு பெரிய தொகை போயிடும். இறக்குறதுக்கு முன்னாடி, பெடலையும் கியர்பாக்ஸ் பக்கத்தையும் இணைக்கற கிளட்ச் கேபிளோட ஒரு முனையைக் கழட்டி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க, அரை மணி நேர வேலைதான். அதுல குத்தவாளி எந்தப் பக்கம் இருக்கான்னு தெரிஞ்சிடும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கிளட்ச் பிளேட் தேஞ்சா அது வேற மாதிரி காட்டும். ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் குடுத்தா என்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது, கருகின வாசனை வரும், பெடலும் கொஞ்சம் கொஞ்சமா கனமாயிட்டே போகும். இது எதுவும் இல்லாம பெடல் மட்டும் ஒட்டுதுன்னா பிளேட் மேல பழி போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிக்கணும். ஏன்னா மிதிச்ச பெடலை மேல தள்ளுற வேலை பெரும்பாலும் பிரஷர் பிளேட்குள்ள (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கற தட்டு) இருக்கற டயாஃப்ரம் ஸ்பிரிங்கோடது. அந்தத் தள்ளு விசை ரிலீஸ் பேரிங் (அந்த ஸ்பிரிங்கை அழுத்துற பேரிங்), ஃபோர்க் ஷாஃப்ட் (பேரிங்கைத் தள்ளுற தண்டு), கியர்பாக்ஸ் வெளில இருக்கற லீவர், கேபிள், அப்புறம் பெடலோட புஷ் (பெடல் ஆடுற அச்சுல இருக்கற வளையம்)னு வரிசையா கடந்து உங்க காலுக்கு வரணும், நடுவுல எங்க இறுக்கம் இருந்தாலும் பெடல் அங்கயே நின்னுடும்.

டெஸ்ட்டுக்கு முன்னாடி ஃப்ளோர் மேட்டை எடுத்து வெளிய போட்டுட்டு ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க. சிரிக்காதீங்க, ரெண்டு மேட்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

சரி, இப்ப என்ஜின் ஆஃப்ல, நல்லா ஆறினதுக்கு அப்புறம், பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் லீவர்ல மாட்டியிருக்கற இடத்தைப் பாருங்க, முனைல மரை போட்டு ஒரு நட் இருக்கும். நட் எவ்ளோ உள்ள இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு லூஸ் பண்ணி கேபிளை லீவர்லருந்து எடுத்துடுங்க. அப்புறம் உள்ள போய் பெடலைக் கையால மெதுவா ஆட்டணும், வழுக்கிட்டுப் போய் வருதா இல்ல சொரசொரன்னு பிடிச்சுப் பிடிச்சு வருதா. பிடிச்சா தப்பு பெடல் புஷ்லயோ கேபிள்லயோ இருக்கு. அடுத்து டேஷ்போர்டு அடில தலையை விட்டு (கழுத்து வலிக்கும், வேற வழியில்ல) பெடல் மேல்முனைல இருந்து கேபிளைக் கழட்டிட்டு பெடலைத் தனியா ஆட்டுங்க. அப்பவும் இறுகினா பெடல் புஷ் காஞ்சு துருப்பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சா முடிஞ்சது, புஷ் ஓவலா தேஞ்சிருந்தா மட்டும் மாத்தணும். பெடல் ஃப்ரீயா ஆடுச்சுன்னா கேபிளோட உள்கம்பியை ரெண்டு முனைலயும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, ஒரே சீரா சறுக்கணும், எங்கயாவது பிடிச்சாலோ, முனைல ஒரு பிரி அறுந்து முள்ளு மாதிரி நீட்டிட்டு இருந்தாலோ கேபிளை மாத்திடுங்க. இந்த வயசு வண்டில பெரும்பாலும் கேபிள்தான் மாட்டும்னு என் கணிப்பு, அதுவும் காலைல முதல் மிதில மட்டும் அதிகமா ஒட்டுதுன்னா முனைல இருக்கற ரப்பர் கிழிஞ்சு தண்ணி உள்ள போய் துரு பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம்.

புதுக் கேபிள் சில நூறு ரூபாய்தான். 800 உற்பத்தி 2014 ஜனவரிலயே நின்னுடுச்சு, ஆனாலும் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்ல, சென்னைல வண்டி பார்ட்ஸ் கடைகள் இருக்கற ஜி.பி. ரோட்டுல கேட்டா கிடைக்கும். ஆனா டூப்ளிகேட்டும் அதே அளவுக்கு இருக்கு, அதனால கடைலயே கேபிளை ஒரு வட்டமா வளைச்சுப் பிடிச்சு உள்கம்பியை இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க, வளைவுலயே பிடிக்குதுன்னா வேணாம். மாட்டும்போது பழசு போன வழியிலேயே போகணும், கூர்மையா மடங்கக் கூடாது, சூடான பைப் மேல படக் கூடாது. உள்ள நைலான் லைனிங் இருக்கற கேபிள்னா கெட்டி கிரீஸை அடைக்காதீங்க, தூசியோட சேந்து அதுவே பசை மாதிரி ஆயிடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதை நிறைய பேர் பாக்கறதே இல்ல. புதுக் கேபிள் போட்டும் கொஞ்ச நாள்ல திரும்ப இறுகுதுன்னா என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் வயரைப் பாருங்க. எங்க மாமா வண்டில இதேதான், கேபிள் மேல கேபிளா மாத்திட்டு இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் கேபிள் கம்பெனியைத் திட்டினதுதான் மிச்சம், கடைசில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாத்துட்டு எர்த் வயர் போல்ட் அடில பச்சை பூத்துக் கிடக்குன்னு காட்டினார். கிளட்ச் கேபிளுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தும்போது நூறு ஆம்பியருக்கு மேல எல்லாம் இழுக்கும், அவ்ளோ கரண்டும் என்ஜின் பிளாக் வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகணும். என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, அதனால எர்த் வயர் போச்சுன்னா கரண்டுக்கு பாடிக்குப் போக வேற நல்ல வழி கிடையாது, அப்ப அது என்ஜினையும் பாடியையும் தொட்டுட்டு இருக்கற கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாப் போகும். மெல்லிசு கம்பி, சூடாகி உள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனிங் இளகி கம்பியோட ஒட்டிக்கும். அதனாலதான் இந்தக் கேஸ்ல ஆக்சிலரேட்டரும் சேந்து இறுகும், ஸ்டார்ட்டரும் மந்தமா சுத்தும், செல்ஃப் அடிச்ச உடனே கேபிளைத் தொட்டா வெதுவெதுப்பா இருக்கும்.

செக் பண்றது ஈஸி. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை பெயின்ட் இல்லாத என்ஜின் பிளாக்லயும் வச்சுட்டு, நியூட்ரல்ல ஹேண்ட்பிரேக் போட்டு இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நல்ல எர்த்னா 0.2 வோல்ட் கிட்டத்தான் காட்டும், அரை வோல்ட்டைத் தாண்டினா எங்கயோ தடை இருக்குன்னு அர்த்தம். மீட்டர் இல்லன்னா ஜம்பர் கேபிள் ஒண்ணை நெகட்டிவ்லருந்து நேரா பிளாக்குக்குக் குடுத்துட்டு செல்ஃப் அடிங்க, உடனே சுறுசுறுப்பா சுத்துச்சுன்னா சந்தேகமே வேணாம். வயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்குங்க, இல்லன்னா புது வயர் போடுங்க.

கேபிள், பெடல் ரெண்டும் நல்லா இருந்தா அடுத்தது கியர்பாக்ஸ் வெளில இருக்கற லீவர். கையால தள்ளுனா கொஞ்ச தூரம் லேசா ஆடி அப்புறம் டயாஃப்ரம்ல போய் முட்டணும். அந்தக் கொஞ்ச தூரமே கனமா, திருகல் சத்தத்தோட போகுதுன்னா ஷாஃப்ட் புஷ் துருப்பிடிச்சிருக்கு. ஷாஃப்ட் வெளிய வர இடத்துல பெனட்ரேட்டிங் ஆயில் துளித்துளியா விட்டு ஆட்டிப் பாக்கலாம், ஆனா நிறைய அடிக்காதீங்க, உள்ள பிளேட்ல பட்டா ஸ்லிப் ஆகும்.

திரும்ப மாட்டும்போது பெடல்ல ஏறக்குறைய 2 செ.மீ. சும்மா போற ஃப்ரீ ப்ளே இருக்கட்டும். அது இல்லாம இறுக்குனா ரிலீஸ் பேரிங் எப்பவும் உரசிட்டே சுத்தும், கிளட்ச்சும் சறுக்கும். ரொம்ப லூஸா விட்டா ரிவர்ஸ் போடும்போது கர்ருன்னு சத்தம் வரும்.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது) வண்டி வச்சிருக்கறவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு கேபிள் கதை எதுவும் பொருந்தாது. ஆயில் அளவு குறைஞ்சிருக்கா, பெடல் அடில மாஸ்டர் சிலிண்டர் (மிதிச்சா ஆயிலைத் தள்ளுற சிலிண்டர்) கசியுதான்னு பாருங்க. பெடல் கீழ போய் மெதுவா ஏறுதுன்னா ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி ஆயிலைத் திரும்பி வர விடாம பிடிச்சிருக்கலாம், வெளிய பாத்தா ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். இதுக்கு ஊத்த வேண்டிய பிரேக் ஆயிலுக்குப் பதிலா எவனாவது என்ஜின் ஆயில் ஊத்தியிருந்தா எல்லா சீலும் ஊதிடும், அப்ப பிளீட் பண்ணி (லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தி) பிரயோஜனமில்ல.

இவ்ளோ பாத்தும் லீவர்தான் இறுகுதுன்னா உங்க மெக்கானிக் சொன்னபடி கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேணும். அப்ப பிளேட், பிரஷர் பிளேட்டோட ரிலீஸ் பேரிங், ஃபோர்க் ஷாஃப்ட் புஷ், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் எல்லாத்தையும் அதே கையோட பாத்துடச் சொல்லுங்க, பேரிங் சறுக்குற ஸ்லீவ்ல பள்ளம் விழுந்திருக்கான்னு நீங்களே விரலை வச்சுத் தடவிப் பாருங்க, பழைய பார்ட்ஸைக் கைல வாங்கிட்டு அப்புறம் காசு குடுங்க.