காது மந்தமான பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது? கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து உதவும் நிபுணர் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி: மெதுவாகப் பேசினால் அப்பாவுக்குக் கேட்பதில்லை. சத்தமாகப் பேசினால் "ஏன் கத்துறே?" என்று கோபப்படுகிறார். என்னதான் செய்வது?

பதில்: அவர் சொல்வது இரண்டுமே உண்மை. வயதாகும்போது பெரும்பாலும் கீச்சொலிகள்தான் முதலில் மங்கும். அ, ஆ போன்ற உயிரொலிகள் காதில் விழும். கீச்சொலி கலந்த க, ச, த, ப எல்லாம் நழுவிவிடும். பேசுவது கேட்கும், ஆனால் 'கடை'யா, 'தடை'யா, 'படை'யா என்று பிடிபடாது. கத்தினால் உயிரொலிதான் மேலும் பெரிதாகும், காதும் கூசும்.

முதலில் "அப்பா" என்று கூப்பிடுங்கள். அவர் திரும்பிய பிறகு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையா? அதையே திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள். "நாளைக்கு ரத்தம் எடுக்கணும்" பிடிபடாவிட்டால், "காலையில லேப்ல இருந்து ஆள் வர்றாங்க, சுகர் பார்க்க" என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாமியாரிடம் தனியாகப் பேசினால் நன்றாகப் பதில் சொல்கிறார். எல்லோரும் கூடினால் எழுந்து போய்விடுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?

பதில்: இல்லைங்க. டிவி, மிக்சி, நாலு பேர் பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது அவருக்குப் பெரிய உழைப்பு. களைத்துப்போய்த்தான் ஒதுங்குகிறார். டிவியை நிறுத்துங்கள். பேச்சு மாறும்போது, "கல்யாண மண்டபம் பத்திப் பேசுறோம் அத்தை" என்று யாராவது சொல்லிவிடுங்கள். "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். என்னிடம் வரும் பெரியவர்களை மிகவும் நோகடிப்பது அந்தப் பதில்தான்.

கேள்வி: காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். இரைச்சலாக இருக்கிறது என்று டிராயரில் போட்டுவிட்டார். பணம் வீணா?

பதில்: வீணில்லை. கண்ணாடி மாதிரி போட்டவுடன் சரியாகிவிடாது. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒரே ஆளுடன் பேசும்போது கொஞ்ச நேரம் போடட்டும். அப்புறம் நேரத்தைக் கூட்டலாம். பாத்திரச் சத்தம் காதைக் குத்துகிறது என்றால் ஆடியாலஜிஸ்டிடம் சொல்லி செட்டிங்கை மாற்றுங்கள்.

கேள்வி: நேற்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. அழுக்கு அடைத்திருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இன்றே இ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உள்காது பாதிப்பாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ, அந்த அளவுக்குக் காது மீள வாய்ப்பு அதிகம்.