வாடகைக்கு விட வீடு கட்டலாம் என்று சென்னைப் புறநகரில் மனை பார்க்கிறேன். பட்டாவும் வில்லங்கமும் சரியாக இருந்தால் போதுமா?

போதாது. இரண்டுமே சுத்தமாக இருந்த மனையை வாங்கிவிட்டு, மூன்று வருஷம் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

2015-ல் கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊராட்சியில் அரை கிரவுண்டு வாங்கினேன், 1,200 சதுர அடி. மனை விற்பவர்கள் வேனில் கூட்டிப்போய், சாம்பார் சாதப் பொட்டலம் கையில் கொடுத்து, "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்று வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் காட்டினார்கள். மூலையில் ஊராட்சித் தலைவரின் வட்ட முத்திரை, கையெழுத்து. நான் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் என்று அங்கேயே வாடகைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பத்திரம் பதிவானது, பட்டா மாறியது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதலில் கேட்டவர் பிளான் போடும் இன்ஜினியர். ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிடிசிபி நம்பர் எங்க சார்?" என்றார். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரவேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. அந்த ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் போடும் முத்திரை வெறும் மை.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது, அதாவது அப்படிப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பின்னால் ஒப்புதல் தருவது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும். ஏற்கெனவே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கவும் வழி விட்டார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். பத்திரம் பதிவாகிவிடும், வரன்முறை செய்யாமல் கட்டட அனுமதி வராது, வங்கியும் வீட்டுக் கடனுக்குக் கையை விரிக்கும். மனை உங்கள் பேரில் இருப்பது வேறு, அதில் வீடு கட்டலாம் என்பது வேறு.

வரன்முறையில் முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவில் ஒப்புதல் வாங்க வேண்டும், அப்புறம்தான் தனி மனைக்கு. அங்கே மனை வாங்கிய எங்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்கள், மனைக்கல்லைக்கூட அப்புறம் வந்து பார்க்காதவர்கள். ஜெராக்ஸில் 'பூங்கா' என்றிருந்த இடத்தை இரண்டு மனையாக விற்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதை வாங்கியவரை நினைத்தால் என் கஷ்டம் ஒன்றுமில்லை. வரன்முறைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் எல்லாம் கட்டி, ஆணை கைக்கு வர 2018 கடைசி ஆகிவிட்டது. நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு என்றால் அந்த வழியும் கிடையாது.

அடுத்தது மண்டலம், அதாவது அந்த இடம் குடியிருப்புக்கா, விவசாயத்துக்கா என்பது. பட்டாவில் புஞ்சை என்றிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வருவாய்த்துறை வகைப்பாடு. கட்டலாமா என்பதைச் சொல்வது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நில உபயோகம். பட்டாவில் புஞ்சை, திட்டத்தில் குடியிருப்பு என்று இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். 2008-ல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட எல்லைக்குள் என்றால், சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் போட்டாலே தெரிந்துவிடும். விவசாய மண்டலம் என்று வந்தால், "மாத்திக்கலாம் சார்" என்பவரிடம், மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

வாடகைக்கு என்பதால் இன்னொன்று. பிளானில் இரண்டு வீடு காட்டி அனுமதி வாங்கிவிட்டு, கட்டும்போது நான்காகப் பிரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சமையலறை வைத்தால் மாதம் ஐயாயிரம் கூடுதல் என்று கொத்தனாரே யோசனை சொன்னார்! கட்டியது வேறு, பிளான் வேறு என்றானால் நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவரின் வங்கி மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். பெரிதாக யோசிக்கிறீர்கள் என்றால், கட்டி முடிப்புச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு. எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதாக இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் சேர்ந்துகொள்ளும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்புதல் எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்கள். "இந்த மனையில் குடியிருப்புக்குக் கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கீழ் வீடு கட்டிய பிறகு நான் பார்த்த இரண்டாவது மனைக்கு அப்படிக் கேட்டேன். புரோக்கர் அன்று சாயங்காலத்திலிருந்து போனை எடுக்கவில்லை.