பொதுக்கொள்கை படிக்கலாமா? – கடிதம்

அன்பின் அண்ணனுக்கு,

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்தவள் நான். 2017-இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பிறகு நியமனம் கிடைத்து, இப்போது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் அறையில் ஆட்களை விடக் கதிரைகள் குறைவு.

பொதுக்கொள்கையில் முதுமாணி செய்ய ஆசை. வீட்டுக்காரர் சரி என்கிறார். மகனுக்கு நாலு வயது. ஒபிசில் சொன்னால் சிரிக்கிறார்கள். "கொள்கை போடுவது கொழும்பு. நமக்கு வருவது சுற்றுநிருபம். அதை வாசிக்க எதற்கு மாஸ்டர்ஸ்?" என்கிறார்கள்.

போன கிழமை படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். அரசின் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை. கணவர் இறந்து கனகாலம். அவர் உயிரோடு இருக்கும்போதே ஓபன் பேப்பரில், பதிவை மாற்றாமலே, விற்ற மோட்டார் சைக்கிள் இன்னும் அவர் பெயரிலேயே பதிவில் கிடக்கிறது. அதுதான் தடை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவர் எங்கே என்றும் தெரியாதாம். மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். படித்தால் மட்டும் இதற்கு மேல் ஏதாவது செய்ய முடியுமா? கணக்குப் பயம் வேறு. இங்கிலிஷும் அரைகுறை.

பெயர் போட வேண்டாம்.

---

அன்பின் தங்கச்சிக்கு,

அந்த மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பேசுவோம். உங்கள் கடிதத்தில் படிப்பைப் பற்றி எழுதியதை விட அதில்தான் விஷயம் அதிகம்.

அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த நிவாரணத் திட்டமான சமுர்த்தி 1995-இல் வந்தது. அதன் மேல் ஊரில் இருந்த பெரிய மனக்குறை உங்களுக்கே தெரியும்: தெரிந்தவர்கள், கட்சிக்காரர்கள் பெயர் முதலில் ஏறும். 2023-இல் அஸ்வெசும வந்தபோது, ஆள் முகம் பார்க்காமல் குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுவோம் என்றார்கள். வீடு, மின்சாரப் பாவனை, வாகனம் என்று எல்லாவற்றையும் கூட்டி, குடும்பங்களை நான்கு படியில் வைத்து, மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 வரை கொடுப்பதாகத் தொடங்கினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட எந்த முறையிலும் இரண்டு வகைப் பிழை வரும். கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைப்பது ஒன்று. கிடைக்க வேண்டியவர் விடுபடுவது மற்றது. காசு குறைவாக இருந்தால் முதல் பிழையை அடைக்கப் பார்ப்பார்கள். அதை இறுக்க இறுக்க இரண்டாவது கூடும். எந்தப் பிழையை எவ்வளவு தாங்கலாம் என்பதை எந்தக் கணக்கும் சொல்லித் தராது. யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின் மறுபக்கத்தில்தான் அந்த அம்மா உங்கள் மேசைக்கு வந்து நிற்கிறார்.

பொதுக்கொள்கை வகுப்பில் இதை ஆரம்பத்திலேயே படிப்பிப்பார்கள். நீங்கள் கவுண்டரில் கண்டதற்கு அங்கே ஒரு பெயரும், அளந்து காட்டுவதற்கு ஒரு முறையும் இருக்கும். விடுபட்டவர்களில் எத்தனை பேர் விற்ற வாகனத்தால் விடுபட்டார்கள் என்று ஒரு பிரதேச செயலகப் பிரிவிலாவது எண்ணிக் காட்டினால், "ஒரு அம்மா வந்து அழுதா" என்ற கதை, விதியைத் திருத்தக் கேட்கும் இரண்டு பக்க அறிக்கையாகும்.

இனி உங்கள் ஒபிஸ்காரர் சொன்னது. கொள்கை கொழும்பில் முடிந்துவிடுகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசறிவியலாளர் 1980-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். பொலிஸ்காரர், ஆசிரியர், நலன்புரி உத்தியோகத்தர் என்று சனத்தை நேரில் பார்க்கிறவர்கள் அன்றாடம் எடுக்கிற முடிவுகள்தான் சனத்துக்குக் கிடைக்கிற கொள்கை என்பது அவருடைய வாதம். உங்கள் அறையையே எடுங்கள். ஒரே சுற்றுநிருபம். ஒருவர், "மோட்டார் திணைக்களத்தில் போய் எழுதி வாங்கிக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். இன்னொருவர் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மரணச் சான்றிதழின் பிரதியை வைத்து, குறிப்பும் எழுதி மேலே அனுப்புவார். முதலாமவரிடம் போனவர் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்த் திரும்பவே மாட்டார். சுற்றுநிருபம் எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. நீங்கள் ஏற்கெனவே கொள்கை செய்கிறீர்கள், சம்பளத் தாளில் அப்படிப் போடவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நம்முடைய அம்பாறையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. வெளிநாட்டு வகுப்பறைகளில் அதைப் படிக்கிறார்கள், நாம்தான் பேசுவதில்லை. கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம். 1949-இல் தொடங்கிய திட்டம், இங்கினியாகலை அணை, சேனநாயக்க சமுத்திரம் எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். 70-களின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்கள் பாழாய்க் கிடந்தன. வாய்க்காலின் தலைப்பில் இருந்தவர்களுக்குத் தண்ணீர், கடைக்கோடி வயல்களுக்குச் சண்டை. 80-களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணத்தில் புனரமைப்பு வந்தது. அதோடு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை பார்த்தன. வேலை தேடிக்கொண்டிருந்த இளம் பட்டதாரிகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, விவசாயிகளோடு போய் இருக்க அனுப்பின. கவனியுங்கள், உங்களைப் போன்ற பட்டதாரிகள்தான்.

அவர்கள் போன உடனே சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் தெரிவு செய்யவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற சிறு கூட்டத்தோடு பேசி, முதலில் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்புறம் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றக்காரர்கள், கடைக்கோடியில் தமிழ் விவசாயிகளும் இருந்த இடம் அது. குடியேற்றத் திட்டத்தின் அரசியல் நமக்குத் தெரியும், அதை நான் இங்கே பூசி மெழுக வரவில்லை. ஆனால் அந்த வாய்க்காலில் அது நடந்தது. 1988-இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் விவசாயிகளையும் நிர்வாகத்தில் சேர்ப்பது அரசின் கொள்கையானது. 2009-இல் பொருளியல் நோபல் வாங்கிய எலினோர் ஒஸ்ட்ரொமும், பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பது பற்றி எழுதும்போது கல்லோயாவை எடுத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பட்டதாரிகளில் பலர் நிரந்தர ஆசிரியர் நியமனம் வந்ததும் போய்விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யார்தான் போகமாட்டார்கள்?

சரி, படிப்புக்கு வருவோம். நானும் இதைப் படித்தவன் என்பதால் சொல்கிறேன். நுண்பொருளியல், புள்ளிவிபரவியல், செலவு-நன்மைப் பகுப்பாய்வு, அரசு எப்படி முடிவெடுக்கிறது என்பது, கொஞ்சம் ஒழுக்கவியல். எங்கே போனாலும் ஏறக்குறைய இவைதான். எனக்கு அதிகம் உதவியது குறிப்பு எழுதுகிற பயிற்சி. முதலாவது குறிப்பில் பிரச்சினையின் வரலாற்றை பிரித்தானியர் காலத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் முதல் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு, மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை வட்டமிட்டு, 'இதிலிருந்து தொடங்கு' என்று எழுதித் தந்தார். 'அமைச்சர் என்ன செய்ய வேண்டும்' என்ற வரி அது. நம் ஆட்களுக்கு, முக்கியமாகக் கலைப்பட்டதாரிகளுக்கு, இந்த அடி அவசியம்.

கணக்குப் பயத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அங்கே வாவியைப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) தான் கடந்தோம். காலையில் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நிற்கிற ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் காத்திருந்த நேரத்துக்கு என்ன விலை? அதனால் பிள்ளைகளுக்குப் போன முதலாம் பாடத்துக்கு? இரவில் வலி எடுத்த கர்ப்பிணிக்கு? பாலத்தின் செலவை ஒரு பக்கம் போட்டு, இவற்றை மறுபக்கம் ரூபாயில் போடப் பார்ப்பதுதான் செலவு-நன்மைப் பகுப்பாய்வு. கூட்டல், பெருக்கல், வட்டி தெரிந்தால் போதும். எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் கஷ்டம், அதில் கொழும்புப் பிள்ளைகளை விட நீங்கள் கெட்டி. புள்ளிவிபரவியல் கொஞ்சம் உதைக்கும். இப்போதே சாதாரண தரக் கணிதப் புத்தகத்தை எடுத்து வையுங்கள், எக்செல் பழகுங்கள். இங்கிலிஷ் பேசத் தயங்கினாலும் பரவாயில்லை, வாசிப்பு வேகம் வேண்டும். தினமும் ஒரு ஆங்கில ஆசிரியர் தலையங்கமாவது வாசியுங்கள்.

எங்கே படிப்பது? உள்ளூரில் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் பொது முகாமைத்துவத்திலும், ஜயவர்தனபுரவின் கீழுள்ள பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் பொது நிர்வாகத்திலும் முதுமாணி நடத்துகின்றன. ஒபிசை நன்றாக நடத்துவது எப்படி என்பதில் நிர்வாகப் படிப்பின் கண் இருக்கும், அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா என்று கொள்கைப் படிப்பு கேட்கும். நடைமுறையில் பாதிப் பாடம் ஒன்றுதான். ஆனால் கிழமைக்குக் கிழமை இரவு பஸ்ஸில் கொழும்பு போய்வருவது, நாலு வயதுப் பிள்ளையோடு, யோசித்துச் செய்யுங்கள்.

வெளிநாடு என்றால் பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருடப் படிப்புக்கு. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. முடித்துத் திரும்பி இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். அவுஸ்திரேலிய விருது என்ற புலமைப்பரிசிலில், முடித்ததும் இரண்டு வருடம் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஜப்பானின் ஜேடிஎஸ் புலமைப்பரிசில் பெரும்பாலும் நிறைவேற்றுத் தர உத்தியோகத்தருக்கானது, உங்கள் தரம் பொருந்துமா என்று அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள். படிப்பு விடுமுறைக்குக் கைச்சாத்திடும் ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசியுங்கள். இடையில் வேலையை விட்டால் காசு கட்ட வேண்டி வரும், பிணை நின்றவரும் மாட்டுவார்.

பதவி உயர்வுக்காக என்றால் வேண்டாம். நிர்வாக சேவைப் பரீட்சைக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள், அதுதான் கிட்டத்து வழி. படித்துத் திரும்பினாலும் அதே அறை, அதே கதிரைச் சண்டையாகத்தான் இருக்கும். கல்வி, சுகாதாரம், விவசாயம் பற்றி நமக்குப் பக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டிய மாகாண சபை 2017-இல் கலைந்தது, தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடின. எழுதுகிற அறிக்கையை யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பது என்ற கேள்வி இங்கே மற்ற இடங்களை விடக் கூர்மையானது. அதை மறைத்து ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

போவதென்று முடிவெடுத்தால் ஆய்வுத் தலைப்பை இங்கிருந்தே கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடினால் பேராசிரியரின் திட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். அஸ்வெசும மேன்முறையீடுகளையே எடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எத்தனை மேன்முறையீடு வந்தது, எத்தனை ஏற்றார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று இப்போதே கேட்டுப் போட்டால், விண்ணப்பக் கட்டுரை எழுதும்போது கையில் ஏதாவது இருக்கும்.

இன்னொன்று. உங்கள் மேலதிகாரியைப் பற்றி எழுதியிருந்த நீண்ட பந்தியை இங்கே நான் போடவில்லை. விண்ணப்பம் அவர் ஊடாகத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்