டார்ஜானைக் காமிக்ஸில் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: டார்ஜான் கதையைப் பலர் காமிக்ஸாக மறு உருவாக்கம் செய்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் படிப்பதென்றால் யாருடையதைப் படிக்கலாம், ஏன்?

ஜோ க்யூபெர்ட் 1972-ல் டி.சி. காமிக்ஸுக்காக எழுதி வரைந்த டார்ஜானைப் படியுங்கள். முதல் நான்கு இதழ்கள் போதும். முதல் இதழிலேயே 207 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதுவரை கோல்டு கீ வெளியிட்டு வந்த தொடரின் எண்ணை டி.சி. அப்படியே தொடர்ந்தது. 207 முதல் 210 வரை நான்கு இதழ்களில் எட்கர் ரைஸ் பர்ரோஸின் முதல் டார்ஜான் நாவல் வருகிறது.

ஏன் இதுதான் என்று சொல்ல, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

எனக்கு டார்ஜான் அறிமுகமானது ஜானி வெய்ஸ்முல்லர் நடித்த கறுப்பு வெள்ளைப் படங்களில். அந்த டார்ஜான் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவே திணறுவான். கொடியைப் பிடித்துத் தாவுவான், கூவுவான், முதலையோடு சண்டை போடுவான். இருபது வயதுக்கு மேல் நாவலைப் படித்தபோதுதான் இவன் முற்றிலும் வேறு ஆள் என்று தெரிந்தது. நாவலின் டார்ஜான் ஒரு வாசகன்!

ஆப்பிரிக்கக் கடலோரத்தில், இறந்துபோன தன் அப்பா கட்டிய மரவீட்டுக்குள் அந்தப் பையன் ஒருநாள் நுழைகிறான். அங்கே படம் போட்ட குழந்தைப் புத்தகங்கள் கிடக்கின்றன. எழுத்துகளைச் சின்னப் பூச்சிகள் என்று நினைக்கிறான். ஒரு பக்கத்தில் தன்னைப் போலவே உடம்பில் முடியில்லாத ஒரு சிறுவனின் படம், பக்கத்தில் மூன்று பூச்சிகள். அதே மூன்று பூச்சிகள் மறுபடி மறுபடி வருகின்றன. அப்படியே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமல், ஒரு சொல்லைக்கூட வாயால் உச்சரிக்கத் தெரியாமல், ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்கிறான். அவன் பேசக் கற்ற முதல் மனித மொழியோ பிரெஞ்சு. டார்னோ என்ற கடற்படை அதிகாரி சொல்லித் தருகிறார்.

படமும் அதன் பக்கத்தில் எழுத்தும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் புரிந்துகொள்வது. காமிக்ஸ் படிப்பது என்பதே இதுதானே! நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது காமிக்ஸில்தான். அதனால் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது, இந்தக் கதை சினிமாவுக்குப் போனதைவிடக் காமிக்ஸுக்கு வந்ததுதான் சரி என்று தோன்றியது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

காமிக்ஸுக்கு அது சீக்கிரமே வந்தும் விட்டது. நாவல் 1912-ல் ஆல்-ஸ்டோரி இதழில் வெளியானது. 1929 ஜனவரி 7 அன்று ஹால் ஃபாஸ்டர் வரைந்த டார்ஜான் செய்தித்தாள்களில் தொடங்கியது. அதில் பேச்சுக் குமிழ்களே கிடையாது, படத்துக்குக் கீழே கதை ஓடும். பின்னர் ஞாயிறு பக்கங்களையும் ஃபாஸ்டர் வரைந்தார். 1926-ல் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த க்யூபெர்ட், சிறுவயதில் அந்தப் பக்கங்களில் மயங்கிக் கிடந்தவர். அந்த மயக்கம் விடவே இல்லை. 1953-ல் டோர் என்று ஆதி மனிதன் ஒருவனை நாயகனாக்கித் தானே ஒரு தொடர் படைத்தார். அதையும் டார்ஜானுக்கான ஒத்திகையாகத்தான் நான் பார்க்கிறேன். டார்ஜான் உரிமை டி.சி.க்கு வந்து, அந்தப் பொறுப்பு இவர் கைக்குக் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை போர்க் கதைகளை வரைந்து பேர் வாங்கியிருந்தார். இந்தத் தொடரை எழுதியது, வரைந்தது, ஆசிரியராக இருந்தது எல்லாம் அவரேதான்.

நாவலுக்குத் திரும்பிய முதல் ஆள் இவர் என்று சொல்ல முடியாது. 1965-லிருந்து ரஸ் மேனிங் கோல்டு கீயில் நாவல்களை ஒவ்வொன்றாகக் காமிக்ஸாக்கினார். மிகச் சுத்தமான கோடு அவருடையது, எனக்கும் பிடிக்கும். ஆனால் மேனிங்கின் காட்டில் பயம் இல்லை. க்யூபெர்ட்டின் தூரிகையோ அவசரமாக இழுத்தது போல முரடாக ஓடும். இலைகளைத் தனித்தனியாக வரைய மாட்டார், நாலு தீற்றலில் ஒரு புதர் வந்துவிடும். அந்த நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று நாம்தான் உற்றுப் பார்க்க வேண்டும். காட்டில் வாழும் பையனின் கண்ணும் அப்படித்தானே பார்க்கும்?

அப்புறம் கலா. பெயர் நம் ஊர்ப் பெண் பெயர் போலவே இருக்கும், ஆனால் அவள் குரங்குக் கூட்டத்தைச் சேர்ந்த தாய். கூட்டத் தலைவன் கெர்ச்சாக் வெறிகொண்டு துரத்தும்போது அவள் குட்டி மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறது. செத்த குட்டியை விட மனமில்லாமல் சுமந்துகொண்டே திரிகிறாள். அந்த மரவீட்டில் தொட்டிலில் அழும் மனிதக் குழந்தையைப் பார்த்ததும், தன் குட்டியின் உடலைத் தொட்டிலில் போட்டுவிட்டு அதை வாரி எடுத்துக்கொள்கிறாள். டார்ஜான் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. சினிமாவில் நான் பார்த்த டார்ஜானுக்கு இப்படி ஒரு அம்மாவே இல்லை. க்யூபெர்ட் இவளைக் கதையின் நடுவில் வைத்திருக்கிறார். என் மகளுக்கு ஆறு வயது, இன்னும் சரளமாகப் படிக்க வராது. படங்களை மட்டும் புரட்டிக்கொண்டு வந்தவள் கலாவிடம் நின்று, “இந்தக் குரங்கம்மா எதுக்கு அழுவுது?” என்று கேட்டாள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். டார்ஜான் என்றால் குரங்குகளின் மொழியில் ‘வெள்ளைத் தோல்’. கதை 1912-ன் வெள்ளையர் பார்வையில் எழுதப்பட்டது. ஆப்பிரிக்க மக்கள் அதில் பெரும்பாலும் பயந்தவர்களாகவோ கொடியவர்களாகவோதான் வருகிறார்கள். பர்ரோஸ் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை. முதலில் இதழில் வந்தபோது ஆப்பிரிக்கக் காட்டில் புலியை உலவவிட்டிருந்தார், புத்தகமானபோதுதான் அது பெண் சிங்கமாக மாறியது. விலங்கில் நடந்த தவறு திருத்தப்பட்டது, மனிதர்கள் விஷயத்தில் நடந்தது அப்படியே நின்றுவிட்டது. க்யூபெர்ட் நாவலுக்கு உண்மையாக இருக்க நினைத்ததால் அந்தக் கோணலும் கூடவே வந்துவிட்டது. 1972-ல் அதை அவர் மாற்றி எழுதியிருக்க முடியும், எழுதியிருக்கவும் வேண்டும் என்பது என் வருத்தம். பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தால் இதைப் பற்றிப் பேசிவிட்டுக் கொடுங்கள்.

அதே 1972-ல் பெர்ன் ஹோகார்த்தும் அந்த நாவலின் முற்பகுதியைத் தனிப் புத்தகமாக வரைந்தார். உடற்கூறு வரைவதைக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் ஒவ்வொரு தசையும் முறுக்கி நிற்கும். ஓவியம் பயில்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். கதைக்காகப் படிப்பவர்கள் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

க்யூபெர்ட்டின் இதழ்களை டார்க் ஹார்ஸ் 2005-லிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. நான் சொல்லும் நான்கு இதழ்களும் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன. மற்ற இரண்டு தொகுதிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.