தாத்தாவின் டி7: சின்ன இஞ்சின் ஓடுகிறது, பெரியது பிடிக்கவில்லை

உங்கள் தாத்தா ஒப்பந்த வேலைக்கு ஓட்டிய கேட்டர்பில்லர் டி7 புல்டோசரில், டீசல் இஞ்சினைக் கிளப்ப உதவும் பெட்ரோல் சின்ன இஞ்சின் நன்றாக ஓடியும் டீசல் இஞ்சின் கிளம்பவில்லை என்கிறீர்கள். எதையும் கழற்றாதீர்கள். எவ்வளவு நேரம் சுற்ற விட்டீர்கள்? இந்தக் கால வண்டி மாதிரி உடனே பிடிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சின்ன இஞ்சினின் வேலை சுற்றிவிடுவது மட்டுமல்ல. அதன் புகைக்குழாய்ச் சூடு பெரிய இஞ்சினுக்குப் போகும் காற்றைச் சூடாக்கும். இரண்டையும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றே, அதனால் அதுவும் பெரியதைச் சூடாக்கும். முதலில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவதை, விடுவித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்றுங்கள். அப்புறம் கம்ப்ரஷன் கொடுத்துச் சில நிமிடம். டீசல் திறப்பது கடைசியில்தான். நான் ஹெல்ப்பராக இருந்தபோது எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அந்த இடைவெளியில் ஒரு பீடியையே முடித்துவிடுவார்!

டீசல் திறந்ததும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் லைனில் காற்று; டீசல் ஃபில்டரிலிருந்து அந்தக் காற்றை வெளியேற்றுங்கள்.

இன்னொன்று, பெரிய இஞ்சின் பிடித்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகிச் சின்ன இஞ்சின் தானே நிற்கட்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் கசிந்து அதன் ஆயிலில் கலந்துவிடும். பெட்ரோல் வாடை வருகிறதா என்று இப்போதே அந்த ஆயிலை முகர்ந்து பாருங்கள்.