புதுக் கோச் சேர்க்கும் முதல் வருட வீரர்கள்: வரிசை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

நண்பரே, புதுக் கோச் வந்ததும் உங்கள் பல்கலையின் அமெரிக்கக் கால்பந்து அணி ரெக்ரூட்டிங் வரிசையில் (பள்ளி வீரர்களைச் சேர்ப்பதில் அணிகளின் தரவரிசை) சரிந்துவிட்டது, சேர்வதாக வாக்குக் கொடுத்த நாலு பள்ளிப் பையன்கள் விலகிவிட்டார்கள், இனி மூணு வருஷம் அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

நவம்பர் கடைசியில் பொறுப்பேற்கிறவருக்கு டிசம்பரில் பள்ளி வீரர்கள் சேரக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கிடைப்பது கொஞ்ச நாட்கள்தான். பழைய கோச்சை நம்பி வந்த பையன்கள் போவது இயல்பு. தவிர, அணிகளின் வரிசை சேரும் வீரர்களின் மொத்தப் புள்ளியை வைத்துப் போடப்படுகிறது. ஆள் குறைந்தாலே இடம் இறங்கும். ஒரு வீரருக்கான சராசரி ரேட்டிங்கை முந்தைய வருடங்களோடு ஒப்பிடுங்கள்.

இந்தியானா பல்கலை 2023இல் 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி. அடுத்து கோச்சாக வந்த கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் பல்கலையில் தன்னிடம் ஆடியவர்களில் பலரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (பல்கலை மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) வழியாகக் கூட்டிவந்தார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் குர்டிஸ் ரோர்க்கை ஒஹாயோ பல்கலையிலிருந்து எடுத்தார். 2024இல் 11 வெற்றி, சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றிலும் இடம்! பள்ளிப் பையன்களுக்குத் தரும் நட்சத்திர ரேட்டிங் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஆனால் உங்கள் புது வீரர் பட்டியலில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்சிவ் லைன்மேன் ஒரே ஒருவர்தான், அதுதான் எனக்கு உண்மையான கவலை. கொலராடோ பல்கலையில் கோச் டியான் சாண்டர்ஸின் முதல் வருடம், 2023, நினைவிருக்கிறதா? குவார்ட்டர்பேக்கான மகன் ஷெடர், டிராவிஸ் ஹன்டர் என்று பெரிய பெயர்கள் இருந்தும் 4-8. லைன் தாங்கவில்லை, ஷெடர் அடி வாங்கிக்கொண்டே இருந்தார். 2024இல்தான் 9 வெற்றி வந்தது.

ஆகவே போர்ட்டலில் உங்கள் கோச் எத்தனை டேக்கிள்களை (லைனின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்) எடுக்கிறார் என்று பாருங்கள். அனுபவமுள்ள இரண்டு பேராவது வந்தால், உங்கள் இடத்தில் நான் நிம்மதியாக இருப்பேன்.